சமூக ஊடக விளம்பரவழி ஆய்வு

முகநூல் போன்ற தளங்களில் விளம்பரமோ அழைப்போ காட்டி, அதைத் தொடுவோரிடம் கேள்விப் படிவத்தை நிரப்பி வாங்கும் முறை. மேரிலாந்து பல்கலைக்கழகம் 2020 ஏப்ரல் முதல் 2022 ஜூன் வரை இப்படி நடத்திய கொரோனா ஆய்வு இந்தியா உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளை எட்டியது. செலவு குறைவு, பதிலும் விரைவில் வந்துவிடும். ஆனால் விடுபடுவோர் பலர். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் 15-49 வயதினருள் இணையத்தைப் பயன்படுத்தியிருந்தவர்கள் ஆண்களில் 57.1%, பெண்களில் 33.3%. பதிலளிப்போர் எண்ணிக்கை பெருகினாலும் இக்குறை தீராது: அமெரிக்காவில் வாரம் சுமார் 2.5 லட்சம் பேர் பதிலளித்த முகநூல் ஆய்வு, 2021 மே மாதத்தில் தடுப்பூசி போட்டோர் விகிதத்தை 17 சதவீதப் புள்ளிகள் கூட்டிக் காட்டியது. எடுத்துக்காட்டாக, வல்லூர் அனல்மின் நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் சாம்பல் தூசு பற்றி இம்முறையில் கேட்டால், கைபேசி வைத்திருக்கும் மகன் பதில் சொல்வான். வாசலில் படிந்ததைக் கூட்டித் தள்ளும் தாய் விடுபட்டுப்போவார். அவரிடம் நேரில்தான் போய்க் கேட்க வேண்டும்.