கொடி காத்த குமரனின் இல்லறம்

திருப்பூர் குமரன் என்னும் பெயரைச் சொன்ன அளவில் நம் கண்முன் தோன்றுவது ஒரு கொடி. தலையில் விழுந்த தடியடியால் நினைவிழந்து வீழ்ந்தபோதும் அக்கொடியை நழுவவிடாத கையைத் தமிழகம் இன்றும் போற்றுகிறது. அவர் பிறந்த நூறாவது ஆண்டு நிறைந்தபோது, 2004ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. பள்ளிப் பாடநூல்களில் அவருக்கு இடம் உண்டு. திருப்பூரில் அவருக்கு நினைவகம் உண்டு.

ஆனால் மாணவர்களே, கொடி பிடித்த அந்தக் கை அதற்கு முன் தறியில் நாடா ஓட்டிய கை. பருத்தியை எடை போட்ட கை. ஒரு பெண்ணின் கரம் பற்றிய கை. அப்பெண்மணியின் பெயர் இராமாயி. குமரனைப் பற்றிய நூல்களில் இவ்வம்மையாரின் பெயர் பெரும்பாலும் ஒரே வரியில் வந்து மறைகிறது. அந்த ஒரு வரியைச் சற்று விரித்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம். ஓர் இளந்தம்பதியர் தமக்கென ஒரு வீடு அமைத்துக்கொள்வது சிறிய செய்தியாகத் தோன்றலாம். நெசவும் பின்னலும் தழைத்த இப்பகுதியில் அச்சிறிய செய்திக்குள் ஒரு பெரிய வரலாறு அடங்கியிருக்கிறது.

குமரன் 1904ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சென்னிமலையில் பிறந்தார். பெற்றோர் நாச்சிமுத்து, கருப்பாயி. இட்ட பெயர் குமாரசாமி. குடும்பத் தொழில் கைத்தறி நெசவு. வறுமையின் காரணமாகப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. பத்தொன்பதாம் வயதில், 1923ஆம் ஆண்டில், இராமாயியை மணந்தார்.

அக்காலத்து நெசவாளர் வீட்டில் புதுமணப்பெண் அடியெடுத்து வைத்தால் அவள் நுழைவது வீடு மட்டும் அன்று. ஒரு தொழிற்கூடமும் ஆகும். முன்னறையில் குழித்தறி. அதன் குழியில் கால்களை இறக்கிக் கணவன் அமர்ந்து நெய்வான். எஞ்சிய இடத்திலேதான் சமையலும் உறக்கமும். தறியில் அமர்பவன் ஒருவனே ஆயினும், அத்தறி இடைவிடாது ஓடுவதற்கு வேறு பல கைகள் உழைத்தாக வேண்டும். இராட்டையில் தார் சுற்ற வேண்டும். அறுந்த இழைகளைப் பிணைக்க வேண்டும். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னே, தெருவில் பாவை நீளமாக விரித்துக் கஞ்சி தோய்த்து, இழை இழையாகப் பிரித்து உலர்த்த வேண்டும். இவற்றிற் பெரும்பகுதி பெண்கள் கையால் நடந்தது. அதன் பின்னரே அவர்களுக்கு அடுப்பு வேலை.

இனி, கூலிக் கணக்கைப் பாருங்கள். நூலை வணிகர் தருவார். துணியை அவரிடமே ஒப்படைக்க வேண்டும். கூலி துணிக்கு உண்டு. அதைப் பெறுபவன் நெய்தவன். தார் சுற்றிய மனைவிக்குத் தனிக் கூலி இல்லை. அவள் உழைப்பு அத்துணியின் ஊடும் பாவுமாகக் கலந்து கிடந்தது. கணக்கேட்டில் மட்டும் அதற்கு ஒரு பத்தி இல்லை. மழைக்காலம் வந்துவிட்டாலோ தெருவில் பாவு விரிக்க இயலாது. தறிக்குழியில் ஈரம் கசியும். தறி நின்றால் அடுப்பும் நின்றது. நெசவு ஊர்களில் இளந்தம்பதியரின் முதற்கவலை இவ்வாறு பருவத்தோடு பிணைந்திருந்தது.

கைத்தறி வருவாய் குமரனுக்குப் போதவில்லை. அவர் வேலை தேடித் திருப்பூருக்குச் சென்றார். சென்னிமலைக்கு அண்மையில் ஈங்கூர் இரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து விசயமங்கலம், ஊத்துக்குளி ஆகிய நிலையங்களைக் கடந்தால் திருப்பூர். தொலைவு அதிகம் இல்லை. வாழ்க்கை முறையிலோ வேறுபாடு மிகுதி.

திருப்பூரை அப்போது உயர்த்தியது பருத்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவை மாவட்டத்தில் கம்போடியாப் பருத்தி பரவிற்று. கிணற்றுப் பாசனத்தில் அது நன்கு விளைந்தது. அதன் இழை நீண்டது, ஆலைகளுக்கு உகந்தது. உழவர்கள் அதனை வண்டி வண்டியாகத் திருப்பூருக்குக் கொண்டுவந்தனர். இரயில் பாதையும் அவ்வூர் வழியே சென்றமையால், பருத்தி மண்டிகளும், பஞ்சினின்று கொட்டையைப் பிரிக்கும் அரவை ஆலைகளும் பெருகின. அத்தகைய பருத்தித் தொழிலில் எடை போடுதலும் கணக்கெழுதுதலும் குமரனுக்கு வேலையாக அமைந்தன.

இம்மாற்றத்தின் பொருளை நாம் நுணுகிக் காணவேண்டும். சென்னிமலையில் தொழில் வீட்டுக்குள் இருந்தது. திருப்பூரில் தொழில் வெளியே இருந்தது. கணவன் காலையில் சென்று மாலையில் திரும்பினான். ஊதியம் நாணயமாக வந்தது. தறி இல்லாத வீட்டில் இடம் சற்று விரிந்தது. அதே வேளையில், உற்றார் உறவினர் சூழ்ந்த நெசவுத் தெருவின் துணை இல்லாது போயிற்று. அரிசி, விறகு, வாடகை ஆகிய ஒவ்வொன்றுக்கும் காசு வேண்டும். தறி வீட்டைத் துறந்து சந்தை ஊர்களுக்குக் குடிபெயர்ந்த தம்பதியர் யாவரும் கண்ட நிலை இது.

அக்காலத்துத் திருப்பூரில் மற்றொரு காற்றும் வீசிற்று. 1925ஆம் ஆண்டு செப்டம்பரில் காந்தியடிகள் அகில இந்திய நூற்போர் சங்கத்தைத் தோற்றுவித்தார். அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரில் இயங்கியது. சுற்றுக் கிராமங்களில் பெண்கள் இராட்டையில் நூற்ற நூல் சிட்டம் சிட்டமாகத் திருப்பூருக்கு வந்தது. கதராக நெய்யப்பெற்று நாடெங்கும் சென்றது. ஒரு பெண் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நூற்றதற்கு அவள் பெயரால், அவள் கையில், காசு வந்தது. அது சிறு தொகையே. ஆயினும் தார் சுற்றியதற்குக் கணக்கே இல்லாதிருந்த நிலையோடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னர் 1935ஆம் ஆண்டில், நூற்பவருக்கு உயிர் வாழப் போதுமான கூலி தரப்பட வேண்டும் என்று காந்தியடிகள் வற்புறுத்த, அச்சங்கம் கூலியை உயர்த்தத் தீர்மானித்தது. கதர் விலை ஏறும், விற்பனை குறையும் என்று அஞ்சியவர்கள் உண்டு. மலிவான துணிக்காக ஏழைப் பெண்ணின் வயிற்றில் அடிக்கலாகாது என்பதே அடிகளின் துணிபு.

இக்காற்று குமரனையும் பற்றியது. அவர் கதர் அணிந்தார். தேசபந்து வாலிபர் சங்கத்தில் ஈடுபட்டு உழைத்தார். கூட்டம், பஜனை, மறியல் என்று அவருடைய மாலைப்பொழுதுகள் பொது வாழ்வுக்குச் சென்றன. இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவன் வீட்டை விட்டுப் பொதுப்பணிக்குச் செல்லும்போது அவ்வீட்டின் வேலை நின்றுவிடுவதில்லை; மற்றொருவர் தலையில் அது ஏறுகிறது. விடுதலைப் போரின் வரலாற்றில் இவ்வாறு பாரம் சுமந்த இல்லங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. சுமந்தவர்களின் பெயர்களை நாம் எழுதி வைக்கவில்லை.

1932ஆம் ஆண்டு பிறந்தது. வட்டமேசை மாநாட்டினின்று திரும்பிய காந்தியடிகள் ஜனவரி 4ஆம் நாள் சிறைப்படுத்தப்பட்டார். காங்கிரஸ் அமைப்புகள் தடை செய்யப்பட்டன. சட்டமறுப்பு மீண்டும் மூண்டது. ஜனவரி 10ஆம் நாள் திருப்பூரில் பி. எஸ். சுந்தரம் தலைமையில் தொண்டர்கள் சிலர் தடையை மீறிக் கொடியேந்திச் சென்றனர். குமரன் அவர்களுள் ஒருவர். போலீசார் தடியால் தாக்கினர். குமரனின் மண்டை உடைந்தது. மறுநாள், ஜனவரி 11ஆம் நாள், மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. வயது இருபத்தேழு. மணம் முடித்து ஒன்பது ஆண்டுகளும் நிறையவில்லை.

உயிரை ஈந்தார் என்று நாம் சொல்கிறோம். அவ்வுயிரோடு ஓர் இல்லறமும் ஈயப்பட்டது. அதற்குரிய விலையைக் குமரன் ஒரு நாளில் செலுத்தினார். இராமாயி அம்மையார் தம் எஞ்சிய வாழ்நாள் முழுதும் செலுத்தினார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை.

அந்நாளில் ஓர் இளங்கைம்பெண்ணின் நிலை யாது? கூட்டுக் குடும்பச் சொத்தில் அவளுக்குப் பங்கு இல்லை. உணவும் உடையும் உறைவிடமும் பெறும் உரிமை மட்டுமே உண்டு. பிரிந்து வாழ்ந்த கணவன் ஆண் மகவின்றி இறந்து, அவனுடைய தனிச் சொத்து அவளுக்கு வந்தாலும், வாழ்நாள் அளவும் துய்க்கலாமேயன்றி அதனை விருப்பம்போல் விற்க இயலாது. தார் சுற்றியும், கஞ்சி தோய்த்தும், சிறுகச் சேர்த்தும் தான் கட்டிய வீட்டிலேயே ஒரு பெண் பிறர் தயவில் வாழ நேர்ந்தது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்கு மகனுக்கு ஒப்பான பங்கை அளித்தது. அப்பங்கும் வாழ்நாள் உரிமையே. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே பெண் பெற்ற சொத்தை முழுமையாக அவளுடையதாக்கிற்று. குமரன் மறைந்து அதற்குள் இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. விடுதலைப் போராட்டத் தியாகிகளுக்கும், அவர்களை இழந்த குடும்பத்தாருக்கும் நடுவண் அரசு ஓய்வூதியம் வகுத்தது 1972ஆம் ஆண்டில்தான்.

வீடு என்பது சுவரும் கூரையும் மட்டும் அன்று என்பதை இதனால் உணரலாம். அதற்கு வருவாய் வேண்டும். அவ்வருவாயை ஈட்ட உழைத்தவர் இருவர் என்று ஊரும் சட்டமும் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் வீடு நிலைக்காது.

குமரன் காலத்துத் திருப்பூரிலேயே, 1920களின் நடுப்பகுதியில், பின்னலாடைத் தொழில் வேர்விட்டிருந்தது. நெசவில் ஊடும் பாவும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும். பின்னலிலோ ஒரே இழை கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு துணியாகிறது. ஆதலால் பனியன் உடலோடு இழைந்து விரிந்து கொடுக்கிறது. விடுதலைக்குப் பின் இத்தொழில் வளர்ந்து, 1970களின் இறுதியில் வெளிநாட்டு ஏற்றுமதியில் கால்வைத்தது. 2009ஆம் ஆண்டில் திருப்பூர் தனி மாவட்டமாயிற்று.

இன்று மதுரை, தேனி, நெல்லைப் பகுதிகளிலிருந்தும், ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்தும் இளந்தம்பதியர் திருப்பூருக்கு வருகின்றனர். அவர்களுடைய முதல் வீடு பெரும்பாலும் ஒரு லைன் வீடு. வரிசையாக ஒற்றையறைகள், பொதுவான குளியலறை, குழாயில் நீர் வரும் நாளுக்காகக் காத்திருக்கும் குடங்கள். முன்பணத்துக்குக் கடன் வாங்குவார்கள். முதல் மாதம் ஒரு பாயும், இரண்டு பாத்திரங்களும், ஓர் அடுப்பும். கணவன் கட்டிங் மேசையில் நின்றால், மனைவி ஓவர்லாக் இயந்திரத்தில் அமர்வாள். அல்லது கைமடித்தும் பிசிறு வெட்டியும் தொழில் பழகுவாள். சனிக்கிழமைச் சம்பளம் இருவர் கையிலும் தனித்தனியே வரும்.

இந்த இரண்டாவது சம்பளத்தை நான் வரலாற்றுச் செய்தியாகக் கருதுகிறேன். சென்னிமலைத் தறிவீட்டில் கணக்கேட்டில் ஏறாத பெண்ணின் உழைப்பு, கதர் நூற்பில் முதன்முதல் சில அணாக்களாகக் கையில் வந்தது. பனியன் கம்பெனியில் வாரக்கூலியாக வருகிறது. இது எளிதாகக் கிடைத்ததன்று. 1984ஆம் ஆண்டில் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அத்தனை நாளும் வருவாய் இன்றி அடுப்பெரியச் செய்தவர்கள் யார்? அங்கும் இல்லங்களே அப்போராட்டத்தைத் தாங்கின.

குறைகள் தீர்ந்துவிட்டன என்று நான் கூறவில்லை. ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த கூலி என்னும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழியவில்லை. பத்து மணி நேரம் இயந்திரத்தில் இருந்து திரும்பும் பெண்ணே தண்ணீர் பிடிக்கவும் சோறு வடிக்கவும் வேண்டியிருக்கிறது. தொழிற்கூடம் வீட்டை விட்டுச் சென்றது. வீட்டு வேலை அவளை விட்டுச் செல்லவில்லை.

மாணவர்களே, திருப்பூருக்குச் செல்லும்போது குமரன் நினைவகத்தில் சற்று நில்லுங்கள். கொடியை வணங்குங்கள். அக்கொடியைப் பிடித்தவர் மீண்டும் வந்து சேராத வீட்டையும், அங்கே காத்திருந்த இராமாயி அம்மையாரையும் நினைந்து வணங்குங்கள். பின்னர் உங்கள் இல்லத்துப் பாட்டியாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “நீங்கள் முதன்முதல் குடியேறிய வீடு எது? அந்த வீடு யார் யார் உழைப்பால் நின்றது?” அவர் கூறும் விடையைத் தேதியோடும் ஊரோடும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இராமாயி அம்மையாருக்கு வரலாறு ஒதுக்கியது ஒரே வரி. உங்கள் பாட்டியாருக்கேனும் ஒரு பக்கம் கிடைக்கட்டும்.