கடலைமிட்டாயும் ஒரு சங்கமும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீயை ஆற்றிக்கொண்டே படியுங்கள்.

நம் ஊத்துக்கோட்டையில் முறுக்கு, தட்டை, அதிரசம் போட்டு விற்கிறவர்களில் என்னிடம் படித்த பிள்ளைகளும் உண்டு. பிரதோஷத்தன்று சுருட்டப்பள்ளிக்குப் போகிற கூட்டமும் திருப்பதி பஸ்ஸில் போகிறவர்களும் வாங்கினால்தான் அவர்கள் வீட்டு அடுப்பு எரியும். "எல்லாரும் சேர்ந்து ஒரு சங்கம் வையுங்களேன்" என்று சொன்னால் ஒரே பதில்தான் வரும். "சந்தா கட்டணும், மே அஞ்சாந்தேதி கடைய சாத்தணும். வேற என்ன சார் கிடைக்கும்?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. தலைவர் படம் போட்ட பேனர் கட்டுவதோடு வேலை முடிந்தது என்று இருக்கிற சங்கங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் பழங்கதையிலிருந்துதான் பதில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே தொடங்கலாம். பொன்னேரி வட்டாரத்துக் காட்டூரில் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஐந்நூற்றுவர் என்று பெயர் பெற்ற வணிகர் குழுவினர் கூடி, ஓர் ஊரை வீரபட்டணமாக ஆக்கியதை அது சொல்கிறது. வீரபட்டணம் என்றால் வணிகருக்கும் அவர்களுடைய காவல் வீரர்களுக்கும் தனிச் சலுகைகள் உள்ள ஊர். கடல் கடந்து வணிகம் செய்த அவர்களுக்கும் நம் முறுக்குக் கடைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாதுதான். ஆனால் தனி வணிகன் கேட்டால் கிடைக்காத ஒன்று, கூடிக் கேட்டால் கிடைத்தது என்பது நம் மாவட்டத்துக் கல்லிலேயே இருக்கிறது.

அடுத்தது விருதுநகர். அங்கே வணிகர்கள் விற்ற சரக்கின் மேல் தாங்களே ஒரு சிறு தொகை விதித்துக்கொண்டார்கள். அதற்கு மகமை என்று பெயர். வீட்டுக்கு வீடு பிடி அரிசியும் சேர்த்தார்கள். இப்படி வளர்ந்ததுதான் காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலை. வாத்தியாரான எனக்கு இந்தக் கதை சொல்ல அலுக்காது. ஆனால் அது ஒரு சாதியார் தமக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. நான் சொல்ல வருவது செய்கிற தொழிலை மட்டும் பார்த்துச் சேர்க்கிற சங்கம்.

அதற்குக் கோவில்பட்டிதான் சரியான உதாரணம்.

1940களில் பொன்னம்பல நாடார் என்பவர் தம் மளிகைக் கடையில் கடலைமிட்டாய் செய்து விற்கத் தொடங்கினார் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். முதலில் கருப்பட்டிப் பாகு, பிறகு வெல்லப்பாகு. கரிசல் மண்ணில் விளைந்த கடலையை வறுத்து, தோல் புடைத்து, பாகு பதம் வந்ததும் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, சூடு ஆறுவதற்குள் உருட்டி வெட்ட வேண்டும். மேலே கலர் தேங்காய்த்துருவல் தூவுவதும் உண்டு. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்து, சுற்றுவட்டாரமே அந்தத் தொழிலில் இறங்கியது. பேர் பெருகப் பெருக, கோவில்பட்டியையே பார்க்காத மிட்டாய்களின் கவரிலும் 'கோவில்பட்டி' ஏறிக்கொண்டது.

இதைத் தனி ஒரு கடைக்காரர் தடுக்க முடியுமா? தம் கடைப் பெயரை டிரேட்மார்க்காகப் பதிந்துகொள்ளலாம். ஊர்ப் பெயரைத் தனி ஆள் பதிய முடியாது. 1999இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம் இதில் கறாரானது. உற்பத்தியாளர்களின் சங்கமோ, அவர்கள் சார்பில் நிற்கிற அமைப்போ, சட்டப்படி அமைந்த நிறுவனமோதான் விண்ணப்பிக்கலாம். எத்தனை பெரிய முதலாளியாக இருந்தாலும் ஒற்றை ஆளாகப் போனால் விண்ணப்பம் செல்லாது. திருப்பதி லட்டுக்கு 2009இல் கிடைத்தது. அங்கே தேவஸ்தானம் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் கிடைத்தது. அங்கே பால் கூட்டுறவுச் சங்கம் இருந்தது. கோவில்பட்டியில் இருந்தவர்களோ ஒருவருக்கொருவர் போட்டியான சின்னச் சின்ன மிட்டாய்க் கம்பெனிக்காரர்கள்.

அவர்கள் சங்கமாக நின்றுதான் 2014இல் விண்ணப்பம் போட்டார்கள். அன்றைய கோவில்பட்டி சார் ஆட்சியர் அக்கறை எடுத்து உதவினார். விண்ணப்பம் என்றால் ஒரு பாரம் நிரப்புவதோடு போகாது. எந்தக் கடலை, எந்த வெல்லம், எப்படிச் செய்வது, எந்த எல்லைக்குள் செய்வது, தரத்தை யார் சோதிப்பது, எத்தனை காலப் பழக்கம் என்பதற்குச் சான்று, எல்லாம் எழுத்தில் வேண்டும். எதிரெதிர்க் கடைக்காரர்கள் பாகுப் பதத்தில் ஒத்துப்போவதைவிட இரண்டு சம்பந்திகளை ஒத்துப்போக வைப்பது சுலபம். 2020 ஏப்ரலில், ஊரே கொரோனா ஊரடங்கில் கிடந்தபோது, குறியீடு கிடைத்தது. இப்போது அந்தப் பெயரின் பதிவு உரிமையாளர் சங்கம். தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் அதன் கீழ் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ள வேண்டும்.

இடையில் ஜிஎஸ்டி வேறு வந்தது. 2017 ஜூலையில் கடலைமிட்டாய், எள்ளுமிட்டாய் வகையறாவுக்கு 18 சதவீதம். நவம்பர் 10ஆம் தேதி குவாஹாட்டியில் கூடிய கவுன்சில் அதை 5 ஆக்கியது. அந்த மாதிரி இடத்துக்குப் பெட்டிக்கடைக்காரரின் குரல் தனியாகப் போய்ச் சேராது.

சங்கங்கள் செய்ததையெல்லாம் நான் மெச்ச மாட்டேன். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2011 ஆகஸ்ட் 5ஆம் தேதி அமலுக்கு வந்தன. ஓராண்டுக்குள் எல்லாரும் பதிவோ உரிமமோ எடுக்க வேண்டும். நாடு முழுக்க வணிகர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. கெடு தள்ளித் தள்ளி 2016 மே வரை நீண்டது. ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்த சிறு கடைக்கு அன்று பதிவுக் கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய்தான்! அவகாசம் கேட்பதில் காட்டிய வேகத்தில் பாதியை, லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று உறுப்பினருக்குச் சொல்லிக்கொடுப்பதில் காட்டியிருக்கலாம். தயாரித்த தேதி, சேர்மானம், எடை, பச்சைப் புள்ளி, பதிவு எண் இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் அதிகாரி வரும்போது கை நடுங்குகிறவர் சின்னக் கடைக்காரர்தான்.

மத்திய அரசு 2020இல் குறு உணவுத் தொழில்களுக்காகத் தொடங்கிய திட்டத்தையும் பாருங்கள். தனி ஆளுக்குக் கடனோடு இணைத்து, திட்டச் செலவில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம். ஆனால் பொதுப் பெயரில் பேக்கிங் செய்து விளம்பரப்படுத்துவதற்கான உதவி, குழுவாகவோ கூட்டுறவாகவோ வருகிறவர்களுக்குத்தான். மகளிர் குழுவில் இருப்பவருக்குத் தொழில் முதலாக 40,000 ரூபாய் வரை உண்டு. அதுவும் குழு வழியாகத்தான். அரசாங்கத்துக் காகிதத்தில் ஒற்றை அடுப்புக்கு இடம் கொஞ்சம்தான்.

நம்மூர் அதிரசத்துக்கு நாளைக்கே புவிசார் குறியீடு வாங்கலாம் என்று நான் ஆசை காட்டவில்லை. அதற்கு ஊருக்கென்று ஒரு தனி ருசியும் அதற்கான சான்றும் வேண்டும். ஆனால் ஆளுக்கு இரண்டு டின் எண்ணெய் வாங்கிக்கொண்டிருக்கும் பத்துப் பேர் சேர்ந்து இருபது டின் கேட்டால் கடைக்காரர் உட்காரவைத்துப் பேசுவார். ஒரே வார்ப்பில் லேபிள் அச்சடித்தால் செலவு குறையும். உணவுப் பாதுகாப்பு அலுவலரையே ஒரு நாள் அழைத்து வகுப்பு எடுக்கச் சொல்லலாம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் இருந்தால் போதும். முதல் கூட்டத்திலேயே எந்த வெல்லம் நல்லது என்று சண்டை வரும். வரட்டும். ஏழு பெயர் சேர்ந்ததும் எனக்கு ஒரு போன் போடுங்கள். துணைவிதி எழுதித் தருகிறேன். கேள்வித்தாள் எழுதிப் பழகிய கை சும்மாதான் இருக்கிறது.