தாமர்ல சென்னப்ப நாயக்கர்

தாமர்ல சென்னப்ப நாயக்கர், விசயநகரப் பேரரசின் இறுதிக் காலத்தில் அரவீடு மரபு மன்னர்களின் கீழ் விளங்கிய படைத்தலைவர் ஆவார். பத்ம வேலமர் குலத்தைச் சேர்ந்தவர். காளத்தியை ஆண்ட தாமர்ல குடும்பத்தின் புகழ்பெற்ற முன்னோராகக் கருதப்படுகிறார். சென்னை என்னும் பெயர் இவரது பெயரிலிருந்தே தோன்றியது என்பது பெருவழக்கான கருத்தாகும்.

காலப் பின்னணி

1565 இல் நடந்த தலைக்கோட்டைப் போருக்குப் பின் விசயநகர அரசு தெற்கு நோக்கி நகர்ந்தது. பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் ஆகியன அடுத்தடுத்துத் தலைநகரங்களாயின. மன்னரின் அதிகாரம் குன்றக் குன்ற, படையும் நிலமும் வைத்திருந்த நாயக்கர்களின் செல்வாக்கு வளர்ந்தது. ஊத்துக்கோட்டைக்கு வடமேற்கே உள்ள காளத்தியில் தாமர்ல குடும்பமும், வேங்கடகிரியில் வெலுகோட்டி குடும்பமும் இவ்வாறே வலுப்பெற்றன.

மக்கள்

சென்னப்பரின் மக்களுள் வேங்கடாத்ரி, ஐயப்பர், அங்கபூபாலர் ஆகியோர் அறியப்பட்டவர்கள். மூன்றாம் வேங்கடர் எனப்படும் பெத்த வேங்கடர் ஆட்சியில் (1632–1642) வேங்கடாத்ரி வந்தவாசியில் இருந்துகொண்டு பழவேற்காடு முதல் சாந்தோம் வரையிலான கடற்கரையைத் தம் ஆளுகையில் வைத்திருந்தார். ஐயப்பர் பூவிருந்தவல்லியில் இருந்து அண்ணனுக்குத் துணை நின்றார். அங்கபூபாலர் தெலுங்கில் 'உஷாபரிணயம்' என்னும் நூலை இயற்றினார். பழவேற்காட்டிற்கும் மயிலைக்கும் இடையே ஐயப்பர் தம் தந்தையின் பெயரால் சென்னபட்டணத்தை அமைத்த செய்தி அந்நூலில் இடம்பெற்றுள்ளது.

1639 ஆம் ஆண்டு உடன்படிக்கை

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களும் சாந்தோமில் போர்த்துகீசியரும் கோட்டை கட்டிக்கொண்டு ஒருவரோடொருவர் பகைத்து நின்றனர். ஆங்கிலேயருக்கோ ஆறுமுகம் எனப்பட்ட துர்க்கராயப்பட்டினத்தில் துணி வாணிகம் சரிவர நடக்கவில்லை. அங்கிருந்த பிரான்சிஸ் டே தெற்கே வந்து இடம் தேடினார். மதராசபட்டினத்தில் ஆங்கிலேயர் குடியேற வேங்கடாத்ரி 1639 இல் அனுமதி வழங்கினார். இதன் நினைவாகவே ஆகஸ்ட் 22 சென்னை தினமாகக் கொண்டாடப்படுகிறது.

புதிய துறைமுகத்தால் சுங்க வருவாய் பெருகும் என்பதும், தம் படைக்குக் குதிரைகள் கிடைக்கும் என்பதும் நாயக்கரின் எதிர்பார்ப்பு. தமக்கு இடர் நேர்ந்தால் கோட்டை அடைக்கலமாகும் என்றும் அவர் எண்ணியிருக்கலாம். 1640 இல் டேயும் ஆண்ட்ரூ கோகனும் வந்து புனித ஜார்ஜ் கோட்டையின் கட்டுமானத்தைத் தொடங்கினர்.

குடும்பத்தின் வீழ்ச்சி

1642 இல் மூன்றாம் ஸ்ரீரங்கர் அரியணை ஏறியபோது தாமர்ல குடும்பத்திற்கும் அரசருக்கும் இணக்கம் இல்லை. வேங்கடாத்ரி பதவி இழந்து சிறைப்பட நேர்ந்தது. ஆங்கிலேயர் 1645 இல் ஸ்ரீரங்கரிடமே புதிய உரிமைப் பட்டயம் பெற்றுக்கொண்டனர். சில ஆண்டுகளில் கோல்கொண்டா படைகள் கடற்கரையைக் கைப்பற்றின. இடம் கொடுத்தவர்கள் அதிகாரம் இழந்தனர். இடம் பெற்றவர்கள் நிலைத்தனர். எனினும் காளத்தியில் தாமர்ல குடும்பத்தினர் ஜமீன்தார்களாகத் தொடர்ந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில் அந்த ஜமீன் வட ஆர்க்காடு, நெல்லூர், செங்கல்பட்டு மாவட்டங்களில் பரவியிருந்தது.

பெயர் பற்றிய கருத்துகள்

சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து சென்னை என்னும் பெயர் வந்தது என்பாரும் உளர். ஆயினும் குடும்பத்தார் ஒருவரே எழுதிய நூலில் செய்தி இருப்பதால், சென்னப்பர் பெயரே காரணம் என்பதற்கு வலு மிகுதி. 1996 இல் தமிழ்நாடு அரசு நகரின் பெயரைச் சென்னை என மாற்றியபோது இப்பெயரே ஏற்கப்பட்டது.

மாணவர் கவனத்திற்கு

ஆங்கிலேயருக்கு இடம் கொடுத்தவர் சென்னப்ப நாயக்கர் எனச் சிலர் எழுதுகின்றனர், இது பிழை. கொடுத்தவர் அவருடைய மகன் வேங்கடாத்ரி. தந்தையின் பெயர் ஊருக்கு வந்தது. அதேபோல், 1639 க்கு முன் இங்கே ஊரே இல்லை என்பதும் தவறு. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆழ்வார், நாயன்மார் பாடல்பெற்ற ஊர்களாகும்.