எங்கே எண்ணினார்கள்? லீட்டா ஹாலிங்வொர்த்தின் ஆய்வுமுறையும் பெண்ணியமும்

அமெரிக்க உளவியல் வரலாற்றில் லீட்டா ஸ்டெட்டர் ஹாலிங்வொர்த் (1886–1939) பெரும்பாலும் ஒரு மறுப்பாளராகவே இடம்பெறுகிறார். பெண்ணறிவு குறைவானது என்ற கொள்கையைத் தரவுகளால் தகர்த்தவர் என்பதே அவரைப் பற்றிய வழக்கமான மதிப்பீடு. அது பிழையன்று, ஆனால் போதாது. அவரது நிலைத்த பங்களிப்பு, தரவுகள் எவ்விடத்தில், எவ்வழியில் திரட்டப்பட்டன என்று வினவிய முறையில்தான் உள்ளது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. அந்த வினாவைப் பிற்காலத்தில் அவரே கைவிட்டார் என்பதும் இவ்வாதத்தின் ஒரு பகுதியே.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 1906இல் பட்டம் பெற்ற லீட்டா, பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தார். 1908இல் நியூயார்க் வந்து உளவியலாளர் ஹாரி ஹாலிங்வொர்த்தை மணந்தபோது, மணமான பெண்களுக்கு ஆசிரியர் பணி தராத அந்நகர விதி அவரை வீட்டில் இருத்தியது. 1911இல் கோகோ கோலா நிறுவனத்துக்காக ஹாரி நடத்திய காஃபீன் ஆய்வில் லீட்டாவும் பணியாற்றினார். அதில் கிடைத்த பணம் அவரது மேற்படிப்புக்கு உதவியது. கிடைத்த பயிற்சி அதைவிடப் பெரிது: ஒரே ஆளை நாள்தோறும் சோதிப்பது, மருந்து கலவாத குளிகை பெற்றவரோடு ஒப்பிடுவது ஆகிய கட்டுப்பாடுகளை அவர் அங்கே கையாண்டு பழகினார்.

இப்பயிற்சியின் விளைவை 1914இல் வெளிவந்த அவரது முனைவர் பட்ட ஆய்வில் காணலாம். உயர்கல்வி பெண்ணின் உடலைக் கெடுக்கும் என்று பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் கிளார்க் 1873இல் எழுதியது முதல், மாதவிடாய் நாள்களில் பெண்ணின் அறிவும் செயல்திறனும் தளரும் என்பது மருத்துவ நூல்களில் ஏறத்தாழ ஐயமற்ற உண்மையாக நிலவியது. அக்கூற்றின் அடிப்படை, நோயுற்று மருத்துவரிடம் வந்த பெண்களே. லீட்டா 23 பெண்களையும் ஒப்பீட்டுக்காக 2 ஆண்களையும் எடுத்துக்கொண்டு, விரல் தட்டும் வேகம், கை நடுங்காமை, நிறங்களைப் பெயரிடல், எதிர்ச்சொல் கூறல் போன்றவற்றைத் திரும்பத் திரும்ப அளந்தார். மாதவிடாயோடு பொருந்திவரும் தளர்ச்சி எதுவும் புலப்படவில்லை.

இரண்டாவது இலக்கு மாறுபாட்டுக் கருதுகோள். ஆண்களிடையே அறிவுத்திறன் வேறுபாடு மிகுதி, எனவே மேதைகளும் மனவளர்ச்சி குன்றியோரும் அவர்களிடையேதான் அதிகம் என்றது அது. லீட்டாவின் நெறியாளர் எட்வர்ட் தார்ன்டைக் அதன் முன்னணி ஆதரவாளர் என்பது குறிப்பிடத்தக்கது. மனவளர்ச்சி குன்றியோர் காப்பகங்களில் ஆண்கள் மிகுந்திருப்பதை அதன் ஆதரவாளர்கள் சான்றாகக் காட்டினர். நியூயார்க்கில் மனவளர்ச்சி குன்றியோரைச் சோதிக்கும் நிலையத்துக்கு வந்த 1000 பேரின் பதிவுகளை லீட்டா வயதுவாரியாகப் பிரித்தார். இளவயதினரில் ஆண்கள் மிகுதி. 30 வயதைக் கடந்தவர்களில் பெண்களே மிகுதி. போட்டி நிறைந்த வேலைக்களத்தில் ஆணின் குறை விரைவில் வெளிப்பட்டது. வீட்டுவேலைக்குள் இருந்த பெண்ணின் குறையைப் பலகாலம் எவரும் பொருட்படுத்தவில்லை. ஆகவே காப்பக எண்ணிக்கை காட்டியது சமூகம் யாரை எப்போது கவனிக்கிறது என்பதையே. சக ஆய்வாளர் ஹெலன் மான்டேக்குடன் சேர்ந்து, ஆண் குழந்தைகள் 1000, பெண் குழந்தைகள் 1000 எனப் பிறந்த நிலையிலான உடலளவுகளை லீட்டா ஆராய்ந்தபோதும் ஆணின் மாறுபாடு மிகுந்திருக்கவில்லை.

உடலளவு அறிவுக்குச் சான்றாகுமா என்ற ஐயம் நியாயமானதே. ஆனால் மிகுந்த மாறுபாடு ஆணுடலின் பொது இயல்பு என்று வாதத்தைத் தொடங்கியவர்கள் எதிர்த்தரப்பினரே. அவர்கள் வகுத்த களத்திலேயே லீட்டா விடையளித்தார். 1916இல் வெளியான அவரது கட்டுரையில், இயல்பு எனக் காட்டப்படுவது சமூகத்தின் விளைவா என்ற இதே வினா தாய்மையை நோக்கித் திரும்பியது. சட்டமும் கல்வியும் கலையும் பொதுக்கருத்தும் பெண்ணைப் பிள்ளைப்பேற்றுக்கு உந்துகின்றன என்றால், தாய்மை வேட்கையை இயல்பூக்கம் என்று மட்டும் எவ்வாறு கொள்வது?

பிற்கால லீட்டா மீத்திறக் குழந்தைகளின் கல்விக்கு முன்னோடியானார். ஆனால் நுண்ணறிவைப் பெரிதும் பரம்பரைச் சொத்தாகக் கருதி, இனமேம்பாட்டியல் கருத்துகளுக்கும் இடமளித்தார். காப்பகப் பதிவேட்டிடம் கேட்ட கேள்வியை, வசதியுள்ள குடும்பக் குழந்தைகள் நுண்ணறிவுச் சோதனையில் உயர்ந்து நின்றபோது அதே கூர்மையுடன் அவர் கேட்கவில்லை. இம்முரண் முந்தைய ஆய்வுகளைச் செல்லாதவையாக்காது. அம்முறைக்கு உரிமையாளர் என்று எவரும் இல்லை என்பதையே காட்டுகிறது. பெண்ணிய அறிவியலுக்கு அவர் விட்டுச்சென்ற அளவுகோல் அவருக்கும் பொருந்தும். அவரை அதனால் அளப்பதே அவரது பணியைச் சரியாக மதிப்பதாகும்.