பத்தாம் வகுப்பு ரிசல்ட்டும் வடமலாபுரத்து டாக்டரும்



ரிசல்ட் வந்த நாளிலிருந்து போன் ஓயவில்லை. "சார், பையன் 412 எடுத்திருக்கான், எந்த குரூப் போடலாம்?" கேட்பவர்கள் எல்லாம் ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர்கள். மார்க்கைச் சொல்கிறார்கள், ஃபீஸைச் சொல்கிறார்கள். பையனுக்கு எதில் மனசு போகிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நான் வரலாற்று வாத்தியார், எனக்குத் தெரிந்தது பழைய கதைதான். அதிலே ஒன்றைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரவிந்த் கண் மருத்துவமனையை மதுரையில் தெரியாதவர் இல்லை. அதைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி 1918 அக்டோபர் 1ஆம் தேதி, எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கரிசல் காட்டு ஊர். தாளும் பென்சிலும் கிடையாது. ஆற்று மணலைத் தரையில் பரப்பி விரலால் எழுதிப் படித்தவர். சின்ன வயதிலேயே உறவுப் பெண்கள் மூன்று பேர் பிள்ளைப்பேற்றுச் சிக்கலில் இறந்துபோனார்கள். ஊரில் டாக்டர் இல்லை. டாக்டராக வேண்டும், அதிலும் பிரசவம் பார்க்கிற டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் விழுந்தது. கட்-ஆஃப் பார்த்து வந்த எண்ணம் இல்லை, கவனியுங்கள்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல், சென்னை ஸ்டான்லியில் மருத்துவம், 1944இல் டாக்டர் பட்டம், பிறகு ராணுவ மருத்துவப் பிரிவு. இதுவரை எல்லாம் நினைத்தபடி. அப்புறம் முடக்குவாதம் வந்தது. 1948இல் ராணுவத்திலிருந்து விடுவித்து அனுப்பிவிட்டார்கள். படுத்த படுக்கை. விரல்கள் கோணிப்போய், பேனா பிடிப்பதே பெரும்பாடு. வயது முப்பதை ஒட்டி. பிரசவ மருத்துவம் இனி நடக்காது என்றாகிவிட்டது.

வகுப்பில் இந்த இடத்தில் நிறுத்தி, "இப்ப அவர் என்னடா செய்யணும்?" என்று கேட்பேன். "மாத்திரை எழுதிக் கொடுத்துப் பொழைக்கலாம் சார்" என்று கடைசி பெஞ்சிலிருந்து பதில் வரும். அவரோ கண் மருத்துவம் படிக்கப் போனார்! அந்தக் கோணல் விரல்களுக்குள் கருவிகளைப் பிடிக்கப் பழகினார். ஒரே நாளில் நூறு பேருக்கு அறுவை சிகிச்சை செய்கிற அளவுக்குக் கை வந்தது. வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல்.

1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவரானார். அரசு வேலையில் இருந்துகொண்டே கிராமங்களில் கண் முகாம் நடத்தினார். கண்புரை விழுந்த சம்சாரிக்குக் காட்டு வேலை போய்விடும். அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வீட்டில் இன்னொருவருடைய வேலையும் போய்விடும். பிரசவம் போய்க் கண் வந்தது. ஆனால் டாக்டர் இல்லாத ஊர் அவர் மனசை விட்டுப் போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. படிப்பு மாறலாம், துறை மாறலாம். எதற்காகக் கிளம்பினார் என்பது மாறவில்லை.

1976இல் ஓய்வு பெற்றார், வயது 58. நான் ஓய்வு பெற்ற வயதும் அதுதான். மறுநாள் ஈஸி சேர் வாங்கினேன். அவர் 11 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார். வீட்டையும் நகையையும் அடகு வைத்த குடும்பம் அது. தங்கை நாச்சியார், அவர் கணவர் நம்பெருமாள்சாமி இருவரும் கண் டாக்டர்களாகக் கூடவே நின்றார்கள். முடிந்தவர் பணம் கட்டலாம், முடியாதவருக்கு இலவசம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அங்கே பார்வை சோதிப்பது, நோயாளியை அறுவை சிகிச்சைக்குத் தயார் செய்வது, டாக்டருக்குப் பக்கத்தில் நின்று உதவுவது எல்லாம் பெரும்பாலும் கிராமத்துப் பெண்பிள்ளைகள். பிளஸ் டூ முடித்து வந்து இரண்டு வருடம் பயிற்சி எடுத்தவர்கள். இவர்கள் இல்லாமல் ஒரு நாளில் அத்தனை ஆபரேஷன் நடக்காது. நாம் பள்ளிச் சுவரில் ஒட்டும் 'அடுத்து என்ன படிக்கலாம்' சார்ட்டில் இந்த வேலையை நான் பார்த்ததே இல்லை.

மதுரையில் 1911இல் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரும் வக்கீல் தொழில், ரயில்வே, வங்கி என்று சுற்றிவிட்டுத்தான் பஸ் ஓட்ட வந்தார். அது தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஒரு தப்பையும் ஒத்துக்கொள்கிறேன். என்னிடம் படித்த ஒரு பையன் ஊரில் பழுதான பம்புசெட்டை எல்லாம் பிரித்து மாட்டுவான். மார்க் நன்றாக இருந்ததால் அவன் அப்பாவிடம் நான்தான் வற்புறுத்தி பயாலஜி குரூப்பில் சேர்க்கச் சொன்னேன். பாதியில் நின்றுவிட்டான். இரண்டு வருடம் என் கண்ணிலேயே படவில்லை. இப்போது மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். எங்கள் வீட்டு மோட்டாருக்குக் காயில் கட்டினால் காசு வாங்கமாட்டேன் என்கிறான். எனக்குத்தான் அந்தக் கடைக்குள் நுழையக் கூச்சம். அன்றைக்கு அவன் அப்பாவிடம் ஒரு மணி நேரம் பேசினேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி போன் செய்கிறவர்கள் நீங்கள் பேசுவதற்கு முன்னால் போனைப் பிள்ளை கையில் கொடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சும்மாதான் இருக்கிறேன்.