கம்பளத்துக்கு அடியிலிருந்து வந்த விரிப்பு

விளையாட்டுப் பொருள் விற்கும் எந்தக் கடைக்குப் போனாலும் கிரிக்கெட் மட்டைகளுக்குப் பக்கத்தில் ஊதாவும் பச்சையுமாகச் சுருட்டி நிறுத்திய யோகா மேட்டுகள் கண்ணில் படும். யோகக் கலை பழமையானது என்பதால் இந்த விரிப்பும் ஏதோ ஒரு ஆசிரமத்தில் பிறந்திருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மையில் அது பிறந்தது ஜெர்மனியில், தரைக்கும் கம்பளத்துக்கும் நடுவே.

நம் முன்னோர்களிடம் விரிப்பு இல்லாமல் இல்லை. கீதையின் ஆறாம் அத்தியாயம் தர்ப்பை, அதன் மேல் மான் தோல், அதன் மேல் துணி என்று மூன்றடுக்கு இருக்கையையே சொல்லிவிடுகிறது. ஆனால் அது உட்காருவதற்கு. 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களை விவரிக்கிறது. பெரும்பாலானவை உட்கார்ந்தோ படுத்தோ செய்பவை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் வரும் ஆசனங்களும் அந்த ரகம்தான். பத்மாசனத்தில் இருப்பவருக்குக் கால் வழுக்குமே என்ற கவலை எதற்கு?

பாய் என்றால் நமக்குப் பத்தமடை. தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, மெல்லிசாகக் கிழித்து, பட்டுப்போல மடியும் பாயாக அங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள் நெய்துவருகின்றன. அதே பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி, மருத்துவம் படித்து மலாயாவுக்குக் கப்பலேறி, ரப்பர் தோட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரிஷிகேஷ் போய் சுவாமி சிவானந்தரானார். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தா 1957இல் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி, மேற்குலகத்துக்கு யோகா கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். பாய்க்குப் பேர்போன ஊரிலிருந்து யோகா உலகம் சுற்றக் கிளம்பியது. பாய் மட்டும் ஊரிலேயே நின்றுவிட்டது. போயிருந்தாலும் பயன்பட்டிருக்காது. அந்த வழவழப்பில் காலை அகட்டி நின்றால் என்ன ஆகும் என்று செய்து பார்க்காமலே சொல்லிவிடலாம்.

காலை அகட்டி நிற்கும் ஆசனங்களுக்குப் பெரிய இடம் கிடைத்தது மைசூரில். 1933இல் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவோடு ஜகன்மோகன் அரண்மனையில் யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தத் தொடங்கினார். மாணவர்கள் பெரும்பாலும் துள்ளும் வயதுப் பையன்கள். அது உடற்பயிற்சி மோகம் நாடெங்கும் பரவிய காலம்: மல்லர்களின் தண்டால், வெள்ளைக்காரப் பள்ளிகளின் டிரில், ஐரோப்பிய ஜிம்னாஸ்டிக்ஸ் எல்லாம் ஒரே மைதானத்தில் தோளோடு தோள் உரசின. அந்த உரசலில் எது எதிலிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போடட்டும். நமக்கு வேண்டியது, யோகா எழுந்து நின்றுவிட்டது என்பது மட்டும்.

அந்தப் பள்ளியில் பயின்ற நோஞ்சான் பையன் ஒருவரை 1937இல் குரு புனேவுக்கு அனுப்பினார். அவர்தான் பி.கே.எஸ். அய்யங்கார். நிற்கும் ஆசனங்களை ஒரு தச்சரின் கறாரோடு கற்பித்தவர்: பாதத்தின் வெளி விளிம்பு தரையை அழுத்த வேண்டும், முழங்கால் சில்லு மேலே ஏற வேண்டும், முட்டி பாதம் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும். எட்டாதவர்களுக்கு மரக்கட்டை, பெல்ட், கயிறு, நாற்காலி என்று எது கைக்குக் கிடைத்தாலும் துணைக்கருவியாக்கினார். 1952இல் பம்பாய்க்கு வந்த வயலின் மேதை யெஹூதி மெனுஹின் இவரிடம் மயங்கி, இரண்டு ஆண்டுகளில் ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். லண்டனில் வகுப்புகள் பெருகின. ஆனால் அங்கே தரை மெழுகு போட்ட மரத்தரை.

அந்த லண்டன் மாணவர்களில் ஒருவர் ஏஞ்சலா ஃபார்மர். இளவயதில் நடந்த ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் வேர்ப்பதே நின்றுபோயிருந்தது. லேசான ஈரம் இருந்தால்தான் தோல் தரையைப் பிடிக்கும். வறண்ட பாதம் வழுக்கிக்கொண்டே போகும். 1960களின் கடைசியில் ஜெர்மனியில் பாடம் எடுக்கப் போனபோது, கம்பளம் நகராமலிருக்க அடியில் விரிக்கும் நுரைத்தாள் ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஆள் நீளத்துக்கு வெட்டி அதன் மேல் நின்று பார்த்தார். கால் அசையவில்லை. லண்டன் திரும்பியதும் மாணவர்கள் அத்தனை பேரும் எனக்கொன்று எனக்கொன்று என்று கேட்க, அவருடைய அப்பா அந்த ஜெர்மன் உற்பத்தியாளரைப் பிடித்து, வாங்கி விற்கத் தொடங்கினார். உலகத்தின் முதல் யோகா மேட் வியாபாரி ஒரு யோகியல்ல. மகளுக்கு ஒத்தாசை செய்த தகப்பன்.

அமெரிக்காவில் சாரா சேம்பர்ஸ் என்ற யோகா ஆசிரியை 1980களில் சால்ட் லேக் சிட்டியில் ‘ஹக்கர் மக்கர்’ என்ற கடையைத் தொடங்கி, ஜெர்மன் தாள்களை வரவழைத்து விற்றார். அவை சீக்கிரமே பொடிந்துபோயின. கம்பளத்துக்கு அடியில் சும்மா கிடக்கச் செய்த பொருள் தினம் மிதிபட்டால் வேறென்ன செய்யும்? அதனால் மிதிபடுவதற்கென்றே ஒன்றைத் தயாரித்தார். அதன் பிறகு போட்டியாளர்களுக்குப் பஞ்சமில்லை. தடிமனாக, மெலிதாக, கோடு போட்டு, தாமரை அச்சடித்து, தோளில் மாட்டப் பையோடு என்று ஆளாளுக்கு ஒன்று. ஏறத்தாழ இரண்டடி அகலம், ஐந்தே முக்கால் அடி நீளம் என்ற அளவு மட்டும் நிலைத்துவிட்டது.

இதில் மூட்டுகளின் கதையும் இருக்கிறது. வழுக்கும் தரையில் காலை அகட்டி நிற்க, உள்தொடைத் தசைகள் இரு கால்களையும் நடுவை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இழுப்புதான் இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் காவல். ஒட்டும் விரிப்பில் அந்த வேலையை விரிப்பே செய்துவிடுவதால், தசை ஓய்வெடுத்துக்கொள்ளலாம். பாரம் எலும்போடு எலும்பைக் கட்டியிருக்கும் ஜவ்வுக்குப் போகும். முழங்கால் முக்கியமாக மடங்கி நீளும் மூட்டு. திரும்புவது இடுப்பின் தொழில். பாதம் ஒட்டிக்கொண்டிருக்க உடம்பை மட்டும் முறுக்கினால், இடுப்பு செய்ய வேண்டியதை முட்டி செய்யப் பார்க்கும். நல்ல ஆசிரியர்கள் முதலில் தொடையை இடுப்பிலிருந்து திருப்பச் சொல்வதும், ஒரு காலுக்கடியில் துணியைப் போட்டு நழுவவிடாமல் நிற்கச் சொல்வதும் இதற்காகத்தான். மெத்தை மாதிரித் தடித்த மேட் முட்டி போடும்போது சுகம். ஒற்றைக் காலில் நிற்கும்போது கணுக்கால் தள்ளாடும். விலை அதிகமானது காலுக்கு நல்லது என்று கடைக்காரர் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

கிருஷ்ணமாச்சாரியார் பிற்காலத்தில் சென்னையில் குடியேறினார். அவரும் மகன் தேசிகாச்சாரும் அங்கே ஆளைப் பார்த்து ஆசனத்தை மாற்றினார்கள்: வயதானவருக்கு முட்டியைச் சற்று மடக்கிச் செய்யச் சொல்வது, முடியாதவரை நாற்காலியில் உட்கார்த்திவைப்பது. ஏஞ்சலா ஃபார்மரும் பின்னாளில் அய்யங்காரின் கறாரை விட்டு விலகி, உடம்பு தானாக நெளிந்து நகரும் மென்மையான முறைக்குப் போய்விட்டார். பாதத்தை ஒரே இடத்தில் நிறுத்தும் தாளை உலகத்துக்குக் கொடுத்தவர் அவர்.

மேட்டுக்கு ஒரு வம்பும் வந்து சேர்ந்தது. மேட்டுக்கான பிளாஸ்டிக்கை நுரைக்கச் செய்யும் அசோடைகார்பனமைடு என்ற ரசாயனம் அமெரிக்காவில் ரொட்டி மாவிலும் சேர்க்கப்பட்டுவந்தது. 2014இல் ‘ரொட்டியில் யோகா மேட்’ என்று கூச்சல் கிளம்ப, சப்வே நிறுவனம் தன் ரொட்டியிலிருந்து அதை நீக்கியது. மறு ஆண்டு ஜூன் 21இல், முதல் சர்வதேச யோகா தினத்தன்று, டெல்லி ராஜபாதையில் 35,985 பேர் வரிசையாக மேட் விரித்து ஆசனம் செய்தார்கள், கின்னஸ் சாதனை. போகாத ஊரெல்லாம் போய்விட்டு நுரைத்தாள் யோகாவின் பிறந்த வீட்டுக்கே மருமகளாக வந்திருந்தது.

பிளாஸ்டிக் மக்காது என்ற பேச்சு எழுந்ததும் இயற்கை ரப்பர் மேட் வந்தது. சிவானந்தர் டாக்டராக இருந்த மலாயாத் தோட்டங்களில் தமிழர்கள் பால் வெட்டிய அதே மரம். அதன் விதை 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் போய், அங்கிருந்து ஆசியாவுக்கு வந்தது. பிளாஸ்டிக்குக்கு இன்னொரு மாற்றும் உண்டு: அஸ்ஸாமில் கவுகாத்தியை ஒட்டிய தீபோர் பீல் ஏரிக்கரையில், மீனவக் குடும்பத்துப் பெண்கள் ஆறு பேர் ஏரியை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரையின் தண்டைக் காயவைத்துத் தறியில் மக்கும் மேட் நெய்கிறார்கள். அந்தக் களையும் தென் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியதுதான்.