சர்க்கரைக்கு யாரிடம் போவது?

1919இல் சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ் கூப்பிட்டு வராத மருத்துவர் அமெரிக்காவில் இருந்திருக்க மாட்டார். நியூயார்க்கின் ஆளுநராகவும் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தவர். 1916 அதிபர் தேர்தலில் உட்ரோ வில்சனிடம் மயிரிழையில் தோற்றவர். 1919இல் அவருடைய மகள் எலிசபெத்துக்குப் பதினோரு வயதில் சர்க்கரை நோய் வந்தது. பெற்றோர் விசாரித்துத் தேர்ந்தெடுத்த மருத்துவர் ஃப்ரெடரிக் ஆலன். அவர் கொடுத்த வைத்தியம் பட்டினி.

ஆலனின் கணக்கு எளிமையானது. உண்ட மாவுச்சத்தை உடலால் பயன்படுத்த முடியவில்லை. அது சர்க்கரையாக ரத்தத்தில் சேர்ந்து சிறுநீரில் போகிறது. அப்படியானால் சிறுநீரில் சர்க்கரை நிற்கும்வரை சோற்றைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியதுதான். எலிசபெத்துக்கு முதல் சில வாரங்கள் நாளுக்குச் சுமார் 400 முதல் 600 கலோரி. ஆலனின் நோயாளிகளில் பார்வையிழந்த பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். உணவு கிடைக்க வழியே இல்லாத அறையில் இருந்தும் அவன் சிறுநீரில் சர்க்கரை வந்தது. துருவிக் கேட்டபோது, பற்பசையையும் கூண்டுப் பறவைக்கு வைத்திருந்த தானியத்தையும் தின்றதை ஒப்புக்கொண்டான். இதை எழுதிவைத்தவர் ஆலனேதான்.

கொடுமைதான். ஆனாலும் ஹியூஸ் குடும்பத்தின் தேர்வு தவறென்று சொல்ல முடியாது. அன்று இந்த நோய் வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் ஓரிரண்டு ஆண்டுகளில் இறந்தார்கள். எலிசபெத் மூன்று ஆண்டுகளைத் தாண்டினாள். 1922 ஆகஸ்டில் டொராண்டோவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பதினைந்து வயதை எட்டும் அந்தப் பெண்ணின் எடை ஏறத்தாழ 20 கிலோ. ஆனால் உயிர் இருந்தது; இன்சுலினும் வந்திருந்தது.

அந்த ஆண்டு ஜனவரி 11 அன்று டொராண்டோ பொது மருத்துவமனையில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அது சரியாக வேலை செய்யவில்லை. இன்சுலினைக் கண்டுபிடித்த குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் காலிப் சுத்திகரித்துக் கொடுத்த சாற்றை ஜனவரி 23 முதல் போட்டபோதுதான் பையன் தேறினான். செய்தி பரவியதும் உலகமே அந்தக் குழுவின் ஃப்ரெடரிக் பான்டிங்குக்குக் கடிதம் எழுதியது. அவர் சர்க்கரை மருத்துவர் அல்லர். எலும்பு அறுவை சிகிச்சை படித்தவர்; லண்டன் என்ற கனடிய ஊரில் கிளினிக் திறந்து நோயாளிகள் வராமல் திண்டாடியவர். எலிசபெத்தின் தாய் முதலில் எழுதியபோது மருந்து போதாது என்று மறுத்துவிட்டார். பிறகுதான் ஏற்றுக்கொண்டார்.

இங்கேதான் கேள்வியே மாறியது. ஆலன் காலத்தில் மருத்துவர் உத்தரவு போடுவார், நோயாளி பட்டினி கிடப்பார். இன்சுலின் வந்ததும் ஒவ்வொரு வேளையும் ஒரு முடிவு எடுக்க வேண்டியதாயிற்று. எவ்வளவு சாப்பிடப் போகிறோம், எவ்வளவு நடந்தோம், ஊசியில் எத்தனை யூனிட் ஏற்றுவது? கூடினால் மயக்கம், குறைந்தால் விஷம் ஏறும். கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும், மழுங்கிய ஊசியைச் சாணைக்கல்லில் தீட்ட வேண்டும். பெனடிக்ட் கரைசலில் சிறுநீரைக் காய்ச்சி, நீலம் பச்சையாகிறதா செங்கல் நிறமாகிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனையும் வீட்டுச் சமையலறையில் நடந்தன. மருத்துவரோ மாதத்தில் ஒருநாள் கண்ணில் படுபவர்.

இதை முதலில் புரிந்துகொண்டவர் பாஸ்டனின் மருத்துவர் எலியட் ஜாஸ்லின். 1918இலேயே மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து பயன்படுத்தும்படி சர்க்கரை நோய்க் கையேடு ஒன்றை எழுதியவர். 1922 ஆகஸ்ட் 7 அன்று அவர் இன்சுலின் போட்ட முதல் நோயாளி எலிசபெத் மட்ஜ், அவரே ஒரு நர்ஸ். தன் நர்ஸ்களை ஜாஸ்லின் வீடு வீடாக அனுப்பினார். அவர்கள் நோயுற்ற குழந்தையின் வீட்டிலேயே சில நாட்கள் தங்கி, தாய்க்கு ஊசி போடவும் உணவை எடைபோடவும் கற்றுக்கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். இன்சுலின் வரலாற்றில் அதைக் கண்டுபிடித்த நான்கு ஆண்களின் பெயர்தான் எப்போதும் வருகிறது. அந்த மருந்து வீட்டில் வேலை செய்யக் காரணமாக இருந்த நர்ஸ்களில் பெரும்பாலோரின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

பாஸ்டனில் இன்னொரு வகைத் தேர்ச்சியும் உருவானது. 1924இல் ஜாஸ்லினிடம் சேர்ந்த பிரிசில்லா ஒயிட் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அவர் சேர்ந்தபோது சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணிகளின் சிசுக்களில் பிழைத்தவை பாதியைச் சற்றே தாண்டியிருந்தன. 1974இல் அவர் ஓய்வுபெற்றபோது 90 விழுக்காட்டுக்கும் மேல். பேறுகால மருத்துவரையும் சர்க்கரை மருத்துவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்ததற்கு இதில் பெரும்பங்கு உண்டு.

இங்கிலாந்தின் லண்டனில் கதை வேறு மாதிரி போனது. ராபின் லாரன்ஸ் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் வேலை பார்த்த இளம் மருத்துவர். 1920இல் தனக்கே சர்க்கரை நோய் என்று தெரிந்தது. வீட்டாருக்குப் பாரமாக இருக்க வேண்டாம் என்று இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்குப் போய், அங்கிருந்த ஆங்கிலேயர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு முடிவை எதிர்பார்த்திருந்தார். 1923இல் தந்தி வந்தது: இன்சுலின் கிடைத்திருக்கிறது, வேலை செய்கிறது, உடனே வா. அனுப்பியவர் அதே மருத்துவமனையின் ஹாரிசன். மே 31 அன்று லாரன்ஸ் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டார். அதன்பின் 45 ஆண்டுகள் வாழ்ந்தார்.

லாரன்ஸிடம் நோயாளிகள் குவிந்ததற்கு அவர் நல்ல மருத்துவர் என்பது மட்டும் காரணமல்ல. ஊசி போட்டுக்கொள்கிறவர் என்பதும் காரணம். உடற்பயிற்சி செய்தால் இன்சுலினின் வேகம் கூடுகிறது என்பதைத் தன் உடம்பிலேயே சோதித்து 1926இல் எழுதினார். சர்க்கரை தாழ்ந்து கை நடுங்குவது எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவரிடம் வந்தவர்களில் நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸும் ஒருவர். 1934இல் இருவரும் சேர்ந்து நீரிழிவுக்காரர்களுக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்று டயபட்டிஸ் யுகே என்று அறியப்படும் அமைப்பு அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், லாரன்ஸுக்கும் வெல்ஸுக்கும் வந்தது ஒரே நோயல்ல. ஒருவருக்கு இன்சுலின் இல்லையேல் உயிர் இல்லை. நடுவயதைத் தாண்டியபின் நோய் வந்த மற்றவருக்கு அப்படியில்லை. இந்த வேறுபாட்டை மருத்துவர் ஹரால்டு ஹிம்ஸ்வொர்த் 1936இல்தான் தெளிவாக எழுதினார். முதல் வகையில் உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே கணையத்தின் செல்களைத் தாக்குகிறது என்பதற்கான சான்று 1974இல் வந்தது.

யாரிடம் போவது என்ற கேள்வி சிக்கலாவதும் இந்த இடத்தில்தான். எந்த ஊரிலும் சர்க்கரை நோயாளிகளில் மிகப் பெரும்பான்மையோர் இரண்டாம் வகையினர். சர்க்கரைக்கு மருந்தெழுதிக் கைதேர்ந்த பொது மருத்துவர்கூட முதல் வகைக் குழந்தைகளை அரிதாகவே பார்த்திருப்பார். சென்னையில் மு. விஸ்வநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப்பிரிவு தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையே கட்டினார். இந்தியாவில் இது முன்னோடி முயற்சி. இன்று தெருவுக்கு ஒரு சுகர் டாக்டர் பலகை தொங்குகிறது. ஆனால் பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும் பெற்றோர் கேட்க வேண்டியது, இங்கே இன்சுலின் போடும் குழந்தைகள் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைத்தான். மூலிகையால் ஊசியை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் பிள்ளையை அவர் 1921ஆம் ஆண்டுக்குத் திருப்பி அனுப்புகிறார் என்று பொருள்.

நர்ஸ்களின் கதைக்கு வருவோம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜோன் வாக்கர் என்ற மருத்துவர் 1950களில் சுகாதாரச் செவிலியர்களை நீரிழிவுக்கென்றே பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்பினார். பின்னாளில் பிரிட்டனில் தனிப் பதவியாகவே ஆன நீரிழிவு நர்ஸ் வேலைக்கு வேர் அங்கே இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி மருத்துவமனையில் லியோனா மில்லர் செய்தது இன்னும் எளிது: ஏழை நோயாளிகள் எந்நேரமும் கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தார், எடுத்துப் பேச ஆள் வைத்தார், நோயைப் பற்றிப் பாடமும் நடத்தினார். சர்க்கரை ஏறி நினைவிழந்து வருகிறவர்களின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது என்று 1972இல் எழுதினார். புது மருந்து எதுவும் கிடையாது. வாந்தி எடுக்கும்போது ஊசியை நிறுத்தலாமா என்று இரவில் கேட்டால், கூடாது என்று சொல்ல ஒரு குரல் இருந்தது.

எல்லாருக்கும் அப்படி ஒரு குரல் வாய்க்கவில்லை. நியூயார்க்கின் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் ஒரு பொறியாளர். பன்னிரண்டு வயதில், 1946இல் நோய் வந்தது. மருத்துவர் சொன்னதையெல்லாம் கேட்டும் முப்பதுகளிலேயே சிறுநீரகம் கெடத் தொடங்கியது. 1969இல் ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். அவசரப் பிரிவுக்கு வருகிறவர் குடித்து மயங்கினாரா சர்க்கரையால் மயங்கினாரா என்று பிரித்தறிய ஒரு துளி ரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் கருவி. மருத்துவர்களுக்கு மட்டுமே விற்பனை. அவர் மனைவி மனநல மருத்துவர். மனைவியின் பெயரில் வாங்கினார். நாளுக்கு ஐந்தாறு முறை அளந்தார், உணவையும் இன்சுலினையும் சிறு சிறு அளவாக மாற்றினார், உடம்பு தேறியது. அதைக் கட்டுரையாக எழுதி அனுப்பினால் மருத்துவ இதழ்கள் திருப்பி அனுப்பின. சலித்துப்போய் 45ஆம் வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1983இல் பட்டம் பெற்றுத் தானே சர்க்கரை மருத்துவராகிவிட்டார். அவருடைய கறாரான உணவு முறையை ஏற்காத நிபுணர்கள் இன்றும் ஏராளம். வீட்டிலேயே அளக்க வேண்டும் என்ற அவர் வாதத்தை மறுக்க மட்டும் இன்று ஆளில்லை.

அதே 1983இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 29 மையங்கள், 13 முதல் 39 வயது வரையிலான 1,441 முதல் வகை நோயாளிகள். ஒரு பாதிக்கு அன்றைய வழக்கப்படி நாளுக்கு ஒன்றிரண்டு ஊசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர். மறுபாதிக்கு நாளுக்கு மூன்று ஊசியாவது, இல்லையேல் பம்ப், நான்கு முறையாவது ரத்தச் சோதனை, மாதாமாதம் மையத்துக்கு வருகை, இடையிடையே தொலைபேசி. இவர்களைக் கவனித்தது ஒற்றை மருத்துவரல்ல. சர்க்கரை நிபுணர், நர்ஸ், உணவியலாளர், மனநல ஆலோசகர் என்று ஒரு குழு. அன்றாடம் பேசியதும் அளவைத் திருத்தச் சொன்னதும் பெரும்பாலும் நர்ஸ்கள்தான்.

1993இல் முடிவு வெளியானது. விழித்திரையில் பாதிப்பே இல்லாமல் ஆய்வுக்கு வந்தவர்களில், தீவிரக் கவனிப்புப் பெற்றவர்களுக்கு அந்தப் பாதிப்பு வரும் அபாயம் 76 விழுக்காடு குறைந்திருந்தது. சிறுநீரகமும் நரம்புகளும் அதேபோல் காக்கப்பட்டன. விலையும் இருந்தது: சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்து பிறர் உதவி தேவைப்பட்ட நிகழ்வுகள் மூன்று மடங்கு. குழு ஏன் தேவை என்பதற்கு அதுவே இன்னொரு காரணமாகவும் சொல்லப்பட்டது. கற்றுத்தர ஆளில்லாமல் ஊசியை மட்டும் கூட்டினால் ஆபத்து.

ஆய்வு முடிந்ததும் இரு பிரிவினரையும் அவரவர் மருத்துவரிடம் அனுப்பிவிட்டுத் தொடர்ந்து கவனித்தார்கள். சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, தீவிரக் கவனிப்பில் இருந்தவர்களுக்கு 7ஐ ஒட்டி இருந்தது. சில ஆண்டுகளில் 8ஐ எட்டியது. மற்றவர்களின் 9 இறங்கி அதே 8க்கு வந்தது. கிளம்பும்போது அவர்களுக்கும் தீவிர முறையைக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.